வேலூர் – ஆம்பூர் வட்டாரத்தில் முதிய நோயாளிகளின் ஊட்டக்குறைவு: ஒரு வரலாறு

மருத்துவமனையில் சேர்க்கப்படும் முதியவர்களில் பலர், எந்த நோய்க்காகச் சேர்க்கப்பட்டார்களோ அதனுடன் இன்னொரு நோயையும் கொண்டுவருகிறார்கள். அது ஊட்டக்குறைவு. உடலுக்குத் தேவையான ஆற்றல், புரதம், விட்டமின்கள், தாது உப்புகள் ஆகியவை நீண்ட காலம் போதிய அளவில் கிடைக்காமல் எடையும் தசையும் குறைந்து, நோய் எதிர்ப்பாற்றல் தளர்ந்துபோகும் நிலை இது. பஞ்ச காலத்தில் ஒரு கூட்டத்தின் பசியை எவரும் கண்ணால் காண முடியும். ஆனால் வார்டில் ஒரு கட்டிலில் படுத்திருக்கும் முதியவரின் பசி அப்படிக் கண்ணில் படுவதில்லை. அவருக்கு வந்திருக்கும் நோயின் பெயர் அதை மறைத்துவிடுகிறது.

பாலாற்றங்கரையில் உள்ள வேலூர், ஆம்பூர், இராணிப்பேட்டை பகுதிக்கு இந்தப் பசியைப் பார்த்ததிலும் பார்க்கத் தவறியதிலும் நீண்ட வரலாறு உண்டு. பெரும் பஞ்சத்தைக் கண்ட பகுதி இது. இந்தியாவின் பெயர்பெற்ற மருத்துவமனைகளுள் ஒன்று இங்கேதான் வளர்ந்தது. தோல் தொழிலில் உழைத்து முதுமையடைந்தவர்கள் இன்று அந்த மருத்துவமனைகளுக்கு நோயாளிகளாக வருகிறார்கள்.

வட்டாரம்

பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தின் பாலாற்றுப் படுகையில் இராணிப்பேட்டை, மேல்விசாரம், வேலூர், குடியாத்தம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்கள் அமைந்துள்ளன. இவற்றில் பெரும்பாலானவை தோல் பதனிடும் தொழிலால் வளர்ந்தவை. தொடக்கத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிடப்பட்டது. 1970களில் பதனிடாத தோல், பாதி பதனிட்ட தோல் ஆகியவற்றின் ஏற்றுமதிக்கு அரசு கட்டுப்பாடு விதித்தது. அதன்பின் குரோமியம் கொண்டு பதனிடும் முறையும் காலணித் தொழிற்சாலைகளும் பெருகின. 2019 இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டபோது ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்தில் சேர்ந்தன. நிர்வாக எல்லைகள் மாறினாலும் இப்பகுதி மக்கள் பெரிய நோய் என்றால் இன்றும் வேலூருக்கே செல்கிறார்கள்.

தாது வருடப் பஞ்சமும் உணவு அளவு பற்றிய விவாதமும்

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பஞ்சம் மக்கள் வழக்கில் தாது வருடப் பஞ்சம் எனப்படுகிறது. வட ஆர்க்காடு அதில் கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் ஒன்று. உழைக்க முடிந்தவர்களுக்கு நிவாரண வேலையும், முதியோர், நோயாளிகள், குழந்தைகள் ஆகியோருக்கு முகாம்களில் இலவச உணவும் தரப்பட்டன.

1877 தொடக்கத்தில் இந்திய அரசின் பிரதிநிதியாக வந்த ரிச்சர்ட் டெம்பிள், செலவைக் குறைப்பதற்காக நிவாரண வேலையாளின் நாள் கூலியை ஏறத்தாழ ஒரு பவுண்டு தானியமும் சிறு காசும் என்ற அளவுக்குக் குறைத்தார். மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த வில்லியம் ராபர்ட் கார்னிஷ் அதைக் கடுமையாக எதிர்த்தார். அந்த அளவு உணவு உழைக்கும் உடலைத் தாங்காது என்றும், தானியத்தோடு பருப்பும் காய்கறியும் வேண்டும் என்றும் அவர் வாதிட்டார். சில மாதங்களில் கூலி உயர்த்தப்பட்டது. ஒரு மனிதருக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு உணவு வேண்டும் என்ற கேள்வி அரசுக் கோப்புகளில் இவ்வளவு கூர்மையாக எழுப்பப்பட்டது இந்தியாவில் அரிது.

அந்தப் பஞ்சம் இன்னொரு பாடத்தையும் தந்தது. முகாமுக்கு வந்து உணவு கிடைத்த பிறகும் பலர் வயிற்றுப்போக்கால் இறந்தனர். பஞ்ச நோய்களைப் பற்றி 1889 இல் நூல் வெளியிட்ட மருத்துவர் அலெக்சாண்டர் போர்ட்டர், இறந்தவர்களின் உடல்களை அறுத்து ஆராய்ந்து, உள்ளுறுப்புகள் மெலிந்து சுருங்கியிருந்ததைப் பதிவு செய்தார். நெடுநாள் பட்டினி கிடந்த உடலுக்கு உணவைக் கொடுத்துவிட்டால் மட்டும் போதாது, அதை ஏற்கும் வலிமையும் அந்த உடலுக்கு வேண்டும் என்பது அப்போதே கண்டறியப்பட்ட உண்மை.

கஞ்சித் தொட்டியிலிருந்து மருத்துவமனை

தமிழகத்தில் பசிக்கும் மருத்துவமனைக்கும் உள்ள உறவு இதைவிடப் பழையது. ஐதர் அலியின் படையெடுப்பைத் தொடர்ந்து 1782 இல் பஞ்சம் வந்தபோது சென்னை இராயபுரம் பகுதியில் மணியக்காரர் சத்திரம் என்ற கஞ்சி ஊற்றும் இடம் ஏற்பட்டது. பின்னர் அங்கே நோயாளிகளுக்குச் சிகிச்சையும் தொடங்கியது. அதிலிருந்து வளர்ந்ததே இன்றைய ஸ்டான்லி மருத்துவமனை. வடசென்னை மக்கள் அதை நெடுங்காலம் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்றே அழைத்தனர். சத்திரத்தின் மறுபகுதி ஆதரவற்ற முதியோரின் இல்லமாக நிலைத்தது. ஒரே இடமாக இருந்த கஞ்சியும் மருந்தும் முதியோர் பராமரிப்பும் பின்னாளில் தனித்தனி நிறுவனங்களாகப் பிரிந்தன. மருத்துவமனைக்கு மருந்தே முதன்மையாகி, உணவு பின்னுக்குப் போனது.

வேலூரில் மருத்துவமனைகளின் தோற்றம்

இராணிப்பேட்டையில் 1866 இல் சைலஸ் ஸ்கடர் மருத்துவப் பணியைத் தொடங்கினார். அதே குடும்பத்தைச் சேர்ந்த ஐடா சோபியா ஸ்கடர் 1870 டிசம்பர் 9 அன்று இராணிப்பேட்டையில் பிறந்தார். தாது வருடப் பஞ்சத்தின்போது அவர் சிறுமி. கையை உயர்த்தக்கூட வலுவில்லாத குழந்தைகளின் வாயில் ரொட்டியைத் துண்டு துண்டாகப் பிய்த்து வைத்த நினைவு அவரது வாழ்க்கை வரலாறுகளில் இடம்பெற்றுள்ளது. அமெரிக்காவில் மருத்துவம் படித்துத் திரும்பிய அவர், 1900 இல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு மருத்துவப் பணியைத் தொடங்கினார். 1902 இல் 40 படுக்கைகள் கொண்ட மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது. 1918 இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்கியது. அதுவே இன்றைய கிறித்துவ மருத்துவக் கல்லூரி. ஆம்பூரில் லூத்தரன் மிஷன் 1920களில் பெத்தெஸ்தா மருத்துவமனையை ஏற்படுத்தியது.

இந்த மருத்துவமனைகளுக்கு முதலில் பிரசவமும், காலரா, அம்மை, காசம் போன்ற தொற்றுகளுமே பெரும் சவாலாக இருந்தன. நோயாளிகளில் முதியவர்கள் குறைவு. நோயாளிக்கு உணவு தருவது பெரும்பாலும் குடும்பத்தின் பொறுப்பு என்ற வழக்கமும் வேரூன்றியது. தூக்குவாளியில் வீட்டுச் சோறு வரும். தொலைவிலிருந்து வந்தவர்களின் உறவினர்கள் அருகிலேயே அறை எடுத்துச் சமைப்பார்கள். இன்றும் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியைச் சுற்றியுள்ள லாட்ஜ்களில் மேற்கு வங்கத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்த குடும்பங்கள் தங்கள் ஊர் முறையில் மீனும் சோறும் சமைத்து நோயாளிக்கு எடுத்துச் செல்வதைக் காணலாம். இந்த வழக்கத்தில் அன்பும் உண்டு, ஓர் ஆபத்தும் உண்டு. கூட இருக்க ஆளில்லாத முதியவர் உண்டாரா என்று கேட்பது யாருடைய வேலை என்பது தெளிவாக வரையறுக்கப்படவில்லை.

கையும் குடலும்: இரண்டு முன்னோடி முயற்சிகள்

ஊட்டத்தைத் தொடும் இரண்டு முக்கியமான பணிகள் வேலூரில் நடந்தன. 1946 இல் வேலூருக்கு வந்த பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்று அறுவையால் நேராக்கினார். 1955 இல் கரிகிரியில் தொழுநோய் ஆய்வு நிலையம் உருவானது. சோற்றைக் கையால் பிசைந்து உண்ணும் நாட்டில் விரல்கள் செயல்படாதவர் பிறர் ஊட்டினால்தான் உண்ண முடியும். கை திரும்பக் கிடைப்பது அவருக்குப் பிழைப்பையும் உணவையும் சேர்த்தே தருகிறது.

அடுத்தது குடல் பற்றியது. 1960களில் வட ஆர்க்காட்டுக் கிராமங்களில் வெப்பமண்டல ஸ்புரூ என்ற நோய் கொள்ளைநோயாகப் பரவியது. உண்ட உணவைக் குடல் உறிஞ்சாமல் விடுவதால் தொடர் வயிற்றுப்போக்கு, எடை இழப்பு, ஃபோலிக் அமிலம், விட்டமின் பி12 ஆகியவற்றின் பற்றாக்குறை எல்லாம் ஏற்படும். குழந்தைகளைவிடப் பெரியவர்களையே அது அதிகம் தாக்கியது. கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் செல்வின் பேக்கரும் வி. ஐ. மாத்தனும் இந்நோயைக் கிராமங்களிலும் ஆய்வகத்திலும் ஆராய்ந்து உலக அளவில் கவனம் பெற்றனர். நோயே உடலைப் பட்டினி போடக்கூடும் என்பதை இந்த ஆய்வு விளக்கியது.

குழந்தைகளின் பக்கம் திரும்பிய கவனம்

இருப்பினும் ஊட்டம் பற்றிய பொது ஆய்வும் அரசுத் திட்டங்களும் குழந்தைகளையும் தாய்மார்களையும் மையமாகக் கொண்டே வளர்ந்தன. அதற்கு நியாயமான காரணம் இருந்தது. குழந்தை இறப்பு மிக அதிகமாக இருந்த காலம் அது. வேலூரிலேயே ஷீலா பெரேராவும் அவரது குழுவினரும் 1960களின் பிற்பகுதியில் குழந்தைகளுக்கு விட்டமின் ஏ தருவது பற்றி ஆராய்ந்தனர். 1982 இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டம் விரிவாக்கப்பட்டது.

அத்திட்டத்தில் பலர் மறந்துவிட்ட ஒரு பகுதி உண்டு. 1983 ஜனவரி முதல் முதியோர் ஓய்வூதியம் பெறுவோரும் சத்துணவு மையத்தில் மதிய உணவு உண்ணலாம் என்று அரசு அனுமதித்தது. 1962 இல் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கிய அந்த ஓய்வூதியம் 2023 இல் 1,200 ரூபாயாக உயர்ந்தது. முதியவரின் வறுமை வயிற்றில்தான் முதலில் தெரியும் என்பதை ஏற்ற திட்டம் இது.

கணக்கெடுப்புகளிலும் இதே இடைவெளி நீடித்தது. தேசியக் குடும்பநல ஆய்வு குழந்தைகளையும், 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களையும், 15 முதல் 54 வயது வரையுள்ள ஆண்களையும் எடை போட்டது. அறுபதைக் கடந்தவர்கள் அந்தத் தராசில் ஏறவே இல்லை. 2017–18 இல் நடந்த இந்திய முதுமை நெடுநோக்கு ஆய்வுதான் நாடு முழுவதும் முதியோரைப் பெரிய அளவில் அளந்தது. 60 வயதைக் கடந்தவர்களில் ஏறத்தாழ 27 விழுக்காட்டினர் எடை குறைந்தவர்கள் என்று அது காட்டியது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பத்தில் ஒருவருக்குமேல் அந்த வயதினர்.

உலக மருத்துவமனைகள் கண்டுகொண்ட கதை

வளமான நாடுகளிலும் இது தாமதமாகவே உணரப்பட்டது. நோயாளியின் அருகே உணவு வைக்கப்பட்டும் அவரால் உண்ண முடியாமல் போவதைப் பற்றி பிளாரன்ஸ் நைட்டிங்கேல் 19ஆம் நூற்றாண்டிலேயே எச்சரித்திருந்தார். 1974 இல் அமெரிக்க மருத்துவர் சார்லஸ் பட்டர்வொர்த், மருத்துவமனைக்குள்ளேயே நோயாளிகள் மெலிந்துபோவதை வெளிப்படுத்திக் கட்டுரை எழுதினார். 1994 இல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் 500 நோயாளிகளை ஆராய்ந்தபோது 200 பேர் சேர்க்கப்படும்போதே ஊட்டம் குறைந்திருந்தனர்.

அதே காலத்தில் முதியோருக்கென எம்.என்.ஏ. என்ற எளிய மதிப்பீட்டு முறை உருவானது. உணவு குறைந்ததா, மூன்று மாதங்களில் எடை இழந்தாரா, நடமாடுகிறாரா, மனச்சோர்வோ மறதியோ உண்டா என்பன போன்ற கேள்விகளுக்குப் புள்ளிகள் தரப்படும். சுருக்க வடிவத்தில் மொத்தம் 14 புள்ளிகள். 7 அல்லது அதற்குக் கீழ் என்றால் ஊட்டக்குறைவு, 8 முதல் 11 வரை ஆபத்து நிலை. எழுந்து நின்று எடை பார்க்க முடியாதவருக்குக் கெண்டைக்காலின் சுற்றளவை அளந்தால் போதும். அது 31 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் தசை இழப்பைச் சந்தேகிக்க வேண்டும். ஒரு நாடாவும் ஐந்து நிமிடமும் இருந்தால் செய்துவிடக்கூடிய சோதனை இது.

தமிழ்நாட்டில் முதியோர் மருத்துவம்

1978 இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் வ. செ. நடராசன் முதியோருக்கான புறநோயாளர் பிரிவைத் தொடங்கினார். 1988 இல் தனி வார்டும், 1996 இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவ மேற்படிப்பும் வந்தன. இந்தியாவில் இத்துறைக்கு அதுவே முன்னோடி. பின்னர் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியும் இத்துறையை ஏற்படுத்தியது. 2010–11 இல் தேசிய முதியோர் நலத் திட்டம் தொடங்கியது. 2024 இல் சென்னை கிண்டியில் முதியோருக்கான தேசிய மருத்துவமனை திறக்கப்பட்டது.

முதியோர் மருத்துவத்தின் அடிப்படை, ஒரு உறுப்பை மட்டும் பார்க்காமல் முழு மனிதரைப் பார்ப்பது. நடை, நினைவாற்றல், மருந்துகளின் எண்ணிக்கை, வீட்டில் துணை ஆகியவற்றோடு உணவும் அதில் ஒரு கேள்வி.

வார்டில் ஊட்டக்குறைவு எப்படி மறைகிறது

இடுப்பெலும்பு முறிந்து வரும் மூதாட்டியின் நோய்க்குறிப்பில் எலும்பு முறிவு எழுதப்படும். மெலிவு எழுதப்படுவது அரிது. வயதானால் இளைப்பது இயல்பு என்று குடும்பமும் சில நேரம் மருத்துவரும் எடுத்துக்கொள்கிறார்கள். கால் வீக்கமோ வயிற்றில் நீரோ இருந்தால் எடை இயல்பாகவே தோன்றும்.

மருத்துவமனையின் நடைமுறைகளும் உணவைக் குறைக்கின்றன. ஸ்கேனுக்காகவும் அறுவைக்காகவும் வெறும் வயிற்றோடு காத்திருக்க வேண்டும். சோதனை தள்ளிப்போனால் பட்டினியும் நீளும். பல்செட்டு வீட்டில் இருக்கும், தட்டு கை எட்டாத தூரத்தில் இருக்கும். படுக்கையிலேயே மலம் கழிக்கக் கூச்சப்பட்டு, உண்பதையும் நீர் அருந்துவதையும் தாமாகவே குறைத்துக்கொள்ளும் முதியவர்கள் பலர்.

பத்தியமும் ஒரு காரணம். சர்க்கரைக்காகச் சோறும் பழமும், இரத்த அழுத்தத்துக்காக உப்பும், கொழுப்புக்காக முட்டையும் ஒவ்வொன்றாக நீக்கப்பட்டால் தட்டில் மிஞ்சுவது ரசமும் கஞ்சியும்தான். நோயுற்ற முதியவருக்கு உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும் என்று 2013 இல் வல்லுநர் குழு ஒன்று பரிந்துரைத்தது. தீவிரச் சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு இது பொருந்தாது. 45 கிலோ எடையுள்ளவருக்கு அது 54 முதல் 67 கிராம். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராமே உண்டு. ஒரு குவளைப் பாலிலும் ஏறத்தாழ அவ்வளவுதான். கஞ்சியால் மட்டும் அந்த அளவை எட்டவே முடியாது. உடல் தேறுவதற்கு என்று ஆட்டுக்கால் சூப் கொடுப்பது இப்பகுதியில் பரவலான வழக்கம். சூப்பில் கரையும் ஜெலட்டின் முழுமையான புரதம் அல்ல. தெளிந்த சாற்றைவிட நன்கு வெந்து மசித்த இறைச்சியும் பருப்பும் முட்டையுமே தசையைக் காக்கும்.

படுக்கையில் கிடப்பதும் தசையைக் கரைக்கிறது. 2007 இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், உடல்நலத்தோடு இருந்த முதியவர்களே 10 நாள் படுக்கையில் இருந்தபோது கால்களில் ஏறத்தாழ ஒரு கிலோ தசைத்திசுவை இழந்தனர். நோயும் பசியும் சேர்ந்தால் இழப்பு இன்னும் அதிகம். படுக்கைப் புண், தொற்று, ஆறாத அறுவைக் காயம், மீண்டும் விழுதல் என்று விளைவுகள் தொடர்கின்றன.

மறுபுறம், நெடுநாள் உண்ணாதவருக்கு ஒரேயடியாக நிறைய உணவு செலுத்தினால் இரத்தத்தில் பாஸ்பரஸ் சரிந்து உயிருக்கே ஆபத்து வரலாம். 1877 முகாம்களில் உணவு கிடைத்த பின்னும் நிகழ்ந்த இறப்புகளை இன்றைய மருத்துவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய இடம் இது. மெதுவாகத் தொடங்கி, இரத்தச் சோதனை செய்தபடி உணவைக் கூட்டுவதே முறை.

வீடு திரும்பிய பின்

தோல் வட்டாரத்தில் இந்தச் சிக்கல் மருத்துவமனை வாசலோடு முடிவதில்லை. தோல் தொழிற்சாலைகளில் தினக்கூலியாகவும் ஒப்பந்தத்திலும் உழைத்தவர்கள் பலருக்கும், வீட்டிலிருந்தே காலணியின் மேற்பகுதியைத் தைத்த பெண்களுக்கும் முதுமையில் ஓய்வூதியமோ சேமநிதியோ இல்லை. நிலமும் முன்போல் கைகொடுப்பதில்லை. தோல் கழிவால் இப்பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ பயிர் செய்யத் தகுதியற்றுப் போனதாக, 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் மக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு குறிப்பிடுகிறது. கேழ்வரகும் நிலக்கடலையும் சொந்த நிலத்தில் விளைந்த வீடுகளில் பல, உணவை இன்று காசு கொடுத்தே வாங்குகின்றன. கூலி நின்ற முதியவர், வீட்டில் கடைசியாக உண்பவராகிறார். மருத்துவமனையில் தேறிய உடல் சில வாரங்களில் மீண்டும் சரிந்து அதே வார்டுக்குத் திரும்ப இதுவே வழி.

இதை உணர்ந்த முயற்சிகளும் இங்கே உண்டு. கிறித்துவ மருத்துவக் கல்லூரி 1977 முதல் கே.வி.குப்பம் வட்டாரத்தில் நடத்திவரும் ஊரக நலப் பிரிவு, சில கிராமங்களில் முதியோர் பகல்நேர மையங்களை ஏற்படுத்தி மதிய உணவும் உடல் சோதனையும் தருகிறது. முதியவர்கள் ஒன்றாக அமர்ந்து உண்பதால் தனிமையும் குறைகிறது. 2021 இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பணியாளர்கள் வீட்டுக்கே வந்து மருந்தும் இயன்முறைச் சிகிச்சையும் அளிக்கிறார்கள். அந்த வருகையின்போது ஒரு நாடாவால் கெண்டைக்காலை அளப்பதும், நேற்று என்ன உண்டீர்கள் என்று கேட்பதும் கூடுதல் செலவில்லாத செயல்கள்.

ஒரு நாளைக்கு எவ்வளவு உணவு வேண்டும் என்று 1877 இல் கார்னிஷ் கேட்டது இலட்சக்கணக்கானோர் கூடிய முகாம்களுக்காக. அதே கேள்வியை ஒவ்வொரு கட்டிலின் அருகிலும் கேட்டு, விடையை நோய்க்குறிப்பில் எழுதி, வீடு திரும்பும்போது யார் சமைப்பார், யார் ஊட்டுவார் என்பதையும் உறுதி செய்துகொள்ளும் மருத்துவமனையே முதியவருக்கு முழுச் சிகிச்சை அளிக்கிறது.